டாக்டர் வண்டியில் ஒரு போட்டோ ஸ்டுடியோ

போட்டோ பிடிக்கிற தொழிலில் படம் நன்றாக வந்தால் அது அவர்களுடைய முகம். மோசமாக வந்தால் அது நம்முடைய கேமரா. இந்த நியாயத்துக்குப் பழகிப்போனவர்கள் ஊருக்கு ஒருவராவது இருப்பீர்கள். அதிலும் கையில் காசில்லாமல், ஒரு பழைய வண்டியை வாங்கி அதையே கடையாகவும் வீடாகவும் ஆக்கிக்கொள்ளலாம் என்று கனவு கண்டவர்கள் சிலர் இருப்பீர்கள். உங்களை நினைத்துத்தான் எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் கோவில்பட்டி பஜாரில் ஸ்டுடியோ வைக்க அட்வான்ஸ் கேட்டார்கள். என்னிடம் கேமரா இருந்தது, அட்வான்ஸ் இல்லை. சுற்றுப்பட்டிக் கிராமங்களிலோ படம் எடுக்க ஆளில்லை. ஆகவே ஒரு வேனை வாங்கி, உள்ளே இருட்டறை, படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்து, ஊர் ஊராகப் போய்ப் பிழைப்பது என்று முடிவு செய்தேன். என் மனைவி செண்பகம் கம்மலைக் கழற்றிக் கொடுத்தாள். சந்தோசமாகக் கொடுத்தாள் என்று எழுதலாம். ஆனால் அவள் இதைப் படிப்பாள்.

ஒரே கை வண்டி

வேனைக் காட்டியவர் சுடலைமுத்து என்கிற புரோக்கர். எட்டயபுரம் ரோட்டில் ஒரு வேப்பமரத்தடியில் நின்றது. புதுசாக நீலப் பெயின்ட் அடித்திருந்தார்கள். “ஒரே கைதான், டாக்டர் மட்டும் வச்சிருந்த வண்டி அண்ணாச்சி, நிதானமாத்தான் ஓட்டியிருப்பாவ” என்றார் சுடலைமுத்து. டாக்டர் என்றதும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. இன்ஜினைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

ஸ்டுடியோ பெயரை எழுதுவதற்காகப் பக்கவாட்டில் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தோம். நீலத்துக்குக் கீழே வெள்ளை வந்தது. வெள்ளைக்கு நடுவில் சிவப்பு வந்தது. தேய்க்கத் தேய்க்கப் பெரிய சிலுவைக்குறி ஒன்று முழுசாக வந்து நின்றது. எந்த ஆஸ்பத்திரியோ ஏலத்தில் தள்ளிவிட்ட ஆம்புலன்ஸ். சுடலைமுத்துவை டீக்கடையில் பிடித்து, சட்டையைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன். அவர் டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்து, தம்ளரை வைத்துவிட்டுச் சொன்னார்: “டாக்டர் வச்சிருந்ததுன்னுதான சொன்னேன். வீட்டுல வச்சிருந்தாரா ஆஸ்பத்திரியில வச்சிருந்தாரான்னு நீங்க கேக்கலையே.”

உள்ளலங்காரம்

புதுச் சாமான் வாங்க வக்கில்லை. இடித்துப்போட்ட ஓட்டலிலிருந்து ஒரு கைகழுவும் தொட்டி கிடைத்தது. ஸ்பின்னிங் மில்லில் கழித்த துணி இருட்டறைக்குத் திரையானது. உள்சுவருக்குப் பலகை வேண்டும். தீப்பெட்டி பண்டல்களை வடக்கே அனுப்புகிற மரப்பெட்டிகளில் உடைந்தவற்றை ஒரு கம்பெனியில் சும்மா தந்தார்கள். அவற்றைப் பிரித்து, ஆணியை நிமிர்த்தி, அதே ஆணியால் நானே அடித்தேன். பலகைகளில் இங்கிலீஷில் என்னென்னவோ அச்சடித்திருந்தது. அதை மறைக்க, அரண்மனைப் படிக்கட்டும் மயிலும் வரைந்த ஒரு திரையைத் தொங்கவிட்டேன். பக்கவாட்டில் படுக்க ஒரு பலகை, அதற்கடியில் மண்ணெண்ணெய் அடுப்பு. பார்க்க அம்சமாகத்தான் இருந்தது.

எல்லாம் முடிந்த பிறகு மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். முதலில் கூப்பிட்டிருக்க வேண்டியவர் அவர் என்பது உங்களுக்குப் புரிகிறது. எனக்கு அன்றைக்குப் புரியவில்லை. அவர் வேனுக்கு அடியில் படுத்தவர் ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. தூங்கிவிட்டாரோ என்று குனிந்து பார்த்தேன். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “பிரேக்கு பிடிக்காது அண்ணாச்சி. ஆனா இந்த இன்ஜினுக்கு அது பெரிய குறையில்ல.”

பெரிய வீட்டுக்காரர் உட்கார்ந்த பெஞ்சு

வேனுக்குள் மறுபக்கத்தில் ஒரு நீளப் பெஞ்சு இருந்தது. ஆம்புலன்ஸாக ஓடிய காலத்தில் நோயாளியைப் படுக்க வைத்தது அதில்தான். நல்ல தேக்கு. குடும்பப் படம் எடுக்க வசதியாக இருக்குமென்று அப்படியே விட்டு, வார்னிஷ் மட்டும் அடித்தேன்.

இடைசெவல் பக்கம் ஒரு ஊரில், நிறையப் பருத்திக்காடு வைத்திருந்த ஒரு பெரிய வீட்டுக்காரர் குடும்பத்தோடு படம் எடுக்க வந்தார். பெஞ்சை வாசலில் இறக்கிப் போட்டேன். அவர் உட்காரவில்லை. மேல்துண்டால் பெஞ்சைத் தட்டிவிட்டு, “இதுல யாரு யாரெல்லாம் உக்காந்தாவ?” என்றார். என்ன சாதி உட்கார்ந்தது என்று கேட்கிறார். அன்று காலையில்தான் கிழக்குத் தெருவில் செருப்புத் தைக்கிற ஒரு பகடைக் குடும்பத்தை அதில் உட்கார வைத்து எடுத்திருந்தேன். அதைச் சொன்னால் படமும் போகும், நானும் ஊரைவிட்டுப் போக வேண்டியிருக்கும். “இது டாக்டர் ஒருத்தர் வச்சிருந்த பெஞ்சுங்க. உக்காந்தவங்களை விடப் படுத்தவங்கதான் அதிகம்” என்றேன். டாக்டர் படுத்து ஓய்வெடுத்த பெஞ்சு என்று அவராகவே எடுத்துக்கொண்டார். அம்மை கண்டவன், காலரா கண்டவன், கடைசி மூச்சை விட்டவன் எல்லாரும் கிடந்த பலகையில் கையைப் பரப்பி, மீசையை நீவிக்கொண்டு அமர்ந்தார். படம் அருமையாக வந்தது. எழுந்திருக்கும்போது பெஞ்சைத் தடவிக்கொடுத்துச் சொன்னார்: “பெரிய மனுசன் பொழங்குன சாமான்னா உக்காந்ததுமே தெரிஞ்சிரும்வே.”

முகம் கழுவுதல்

படம் கழுவத் தண்ணீர் நிறைய வேண்டும். கடையில் இருப்பவர்கள் குழாயைத் திறப்பார்கள். கரிசல் காட்டில் கோடைக்காலத்தில் நான் எதைத் திறப்பது? கழுகுமலைக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் அடிபம்பு ஒன்று கொஞ்சம் நல்ல தண்ணீர் தந்துகொண்டிருந்தது. பெண்கள் குடத்தோடு வரிசையில் நின்றார்கள். நானும் ஒரு பிளாஸ்டிக் குடத்தோடு போய் நின்றேன். சம்சாரம் கூட இல்லாத மனுசன் சமையலுக்குப் பிடிக்கிறான் என்று இரக்கப்பட்டு முன்னால் விட்டார்கள்.

அதை வேனுக்குக் கொண்டுபோய்ப் படங்களை அலசி, அழுக்குத் தண்ணீரை வெளியே ஊற்றினேன். மருந்து கலந்த தண்ணீர், ஆட்டுக்குக்கூட ஆகாது. திரும்பிப் பார்த்தால், என்னை முன்னால் விட்ட பெண்களில் ஒருத்தி வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். அவள் முறை வருவதற்குள் பம்பு காற்றை இறைக்க ஆரம்பித்துவிட்டது. தொட்டிக்குள் மிதந்த முகங்களை எட்டிப் பார்த்தாள். சத்தம் போடாமல் சொன்னாள்: “எங்க மூஞ்சியக் கழுவவே தண்ணியக் காணும். நீரு காயிதத்துல இருக்க மூஞ்சியக் கழுவுதீரு.”

பிரசவம்

நீலப் பெயின்ட்டை மறுபடி அடித்தும், சாய்வெயிலில் அந்தச் சிலுவைக்குறி உள்ளிருந்து எட்டிப் பார்க்கும். ஒரு நாள் சாயங்காலம் ஒரு கல்யாண வீட்டில் படம் எடுத்து முடித்து, இருட்டறைக்குள் பிலிமைக் கழுவ ஆரம்பித்திருந்தேன். கதவை இடிக்கிற சத்தம். கருப்பசாமி என்று விவசாயம் பார்க்கிற ஒரு சம்சாரி, வலியெடுத்த மனைவியை மாட்டுவண்டியில் கொண்டுவந்திருக்கிறார். பஸ் போய்விட்டது. “ஆசுபத்திரி வண்டி நிக்குன்னு சொன்னாவ” என்றார். இது ஸ்டுடியோ என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தப் பெண் போட்ட சத்தத்தில் வாயை மூடிக்கொண்டு கதவைத் திறந்தேன். வெளிச்சம் உள்ளே பாய்ந்தது. கல்யாணம் மொத்தமும் அந்த நிமிசத்தில் கறுத்துப்போனது.

கல்யாணத்துக்கு வந்தவர்களே வேனைத் தள்ளி ஸ்டார்ட் செய்துவிட்டார்கள். அந்தப் பெண் தேக்குப் பெஞ்சில் கிடந்து, வலியில் என் மயில் திரையைப் பிடித்து இழுத்து ஒரு முனையில் கிழித்தாள். கோவில்பட்டி ஆஸ்பத்திரி வாசலில் வேன் நிற்பதற்கும் குழந்தை வெளியே வருவதற்கும் சரியாக இருந்தது. பெண் குழந்தை. தாயும் பிள்ளையும் நல்லபடியாக இருந்தார்கள். இந்த வேன் ஒரு நல்ல காரியம் செய்துவிட்டது என்று நெஞ்சு நிறைந்துபோனது. மறுநாள் அந்த நிறைவோடு கல்யாண மாப்பிள்ளையிடம் போய் நடந்ததைச் சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு அவர் சொன்னார்: “அவியளுக்குப் பிள்ளை பொறந்துட்டு, சந்தோசம். எங்களுக்கு இன்னும் கல்யாணமே நடக்கலையே.”

தீ அபாயம்

பேச்சியம்மாள் தீப்பெட்டி ஆபீசில் தீக்குச்சிகளைச் சட்டத்தில் செருகிக் கட்டை அடுக்குகிற வேலை பார்த்தாள். மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப ஒரு படம் வேண்டுமென்று அவள் அப்பா கூட்டிவந்தார். கிழிந்த மயில் திரையை ஊக்கு குத்தித் தொங்கவிட்டிருந்தேன். நான் கேமராவுக்குள் அவள் முகத்தைப் பார்த்தேனே தவிர, பின்னால் ஊக்கு கழன்று திரை சரிந்ததைப் பார்க்கவில்லை. கழுவிக் கொடுக்கும்போதும் கண்ணில் படவில்லை. அவள் தலைக்கு மேலே, தீப்பெட்டிப் பலகையில், இங்கிலீஷில் கொட்டை எழுத்தில் ‘தீ அபாயம்’ என்று இருந்தது.

மாப்பிள்ளையின் அப்பா ரயில்வே குமாஸ்தா. இங்கிலீஷ் தெரிந்தவர். படத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறார். சிரித்துவிட்டு, “நீங்களே எழுதி அனுப்பியிருக்கீய. அந்த அபாயத்துக்கும் சேத்து நகை போடணும்லா” என்று கூடுதலாகக் கேட்டிருக்கிறார். பெண்ணின் அப்பா படத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். அவர் திட்டவில்லை. பெஞ்சில் உட்கார்ந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அதற்குத் திட்டியிருக்கலாம். வேறு படம் சும்மாவே எடுத்துத் தருகிறேன் என்று கெஞ்சினேன். கூட வந்த பேச்சியம்மாள் படத்தை வாங்கி, அந்த எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்டாள். சொன்னேன். அந்த எழுத்தை விரலால் ஒருமுறை தடவினாள். பிறகு அப்பாவைப் பார்க்காமல் என்னிடம் சொன்னாள்: “வேற எடுக்காண்டாம் அண்ணாச்சி. இதுலயே இன்னும் ரெண்டு போட்டுத் தாங்க. படிச்சுப் பாத்துட்டும் வாரவன் வந்தாப் போதும்.”

எண்பதுகளின் நடுவில் வேனைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு பஜாரில் வாடகைக்கு ஒரு கடை பிடித்தபோதுதான், அந்த மலிவு வண்டிக்குச் செய்த செலவில் கடையை முதலிலேயே பிடித்திருக்கலாம் என்று தெரிந்தது. ஆனால் பஜாரில் உட்கார்ந்திருந்தால் இத்தனை ஊர்களில் இத்தனை பேரிடம் இவ்வளவு பேச்சை, அதுவும் வீடு தேடிப் போய், வாங்கியிருக்க முடியாது.