மொய் எழுதாமல் எழுந்த பந்தி

எனக்குப் பயம் வந்தால் கை கால் உதறாது. மரத்துப் போகும். பல் டாக்டர் ஊசி போட்டு அனுப்பிய பிறகு உதடு இருக்கிறதா இல்லையா என்று தடவிப் பார்ப்போமே, அப்படி. சங்கரன்கோவிலில் என் பாத்திரக் கடையில் உட்கார்ந்தபடியே மரத்துப் போவேன். ஒருநாள் இட்லிச் சட்டி வாங்க வந்தவர் இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, "நான் பொம்மைன்னுலா நெனச்சேன் அண்ணாச்சி" என்றார். நல்ல யோசனைதான். பொம்மைக்குச் சம்பளம் கிடையாது, பயமும் வராது.

டாக்டர் மாத்திரை எழுதினார். வாடிக்கையாளர் ஒருவர் நோட்டீஸ் கொடுத்தார். பயத்தை வெல்ல ஒருநாள் முகாம், அனுமதி இலவசம், மதியச் சாப்பாடு உண்டு. மாத்திரைக்குக் காசு, இதற்குச் சாப்பாடு. சாப்பாட்டின் பக்கம் போனேன்.

ஊருக்கு வெளியே ஒரு கல்யாண மண்டபம். வாசலிலேயே செல்போன்களைக் கூடையில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். சுவரில் கடிகாரம் இருந்த இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. கோட்டு போட்ட பயிற்சியாளர், "உங்க வீட்ல கேள்வி கேக்குறவங்கதான் உங்க முதல் எதிரி" என்றார். கை தட்டினோம். ஒருத்தர் மேடையேறி, இன்றைக்குத்தான் முதல் தடவையாக வருவதாகச் சொல்லித் தேம்பி அழுது, தோளில் கிடந்த பச்சைத் துண்டால் முகத்தைத் துடைத்தார். அவருக்குத் துணையாக நானும் அழுதேன்.

அப்புறம் பந்தி. வாழை இலை, வடை, பாயசம். கை கழுவிவிட்டு வந்தால் வழியில் மொய் எழுதுகிற மாதிரி ஒரு மேசை, பேனாவோடு ஒருவர், மைக்கோடு ஒருவர். அடுத்த நிலைப் பயிற்சிக்கு யார் சேர்கிறார், எவ்வளவு கட்டுகிறார் என்று ஊர் பேரோடு மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் பக்கத்து ஆளைக் கவிழ்க்க இதற்கு மேல் எதுவும் வேண்டாம். மண்டபத்தில் சாப்பிட்டுவிட்டு, மைக் வைத்த மேசையை வெறுங்கையோடு தாண்டக் கால் வராது. முன்னால் நின்றவர் கொடுத்ததைவிடக் குறைத்துச் சொல்ல நாக்கு வராது. என் கை சட்டைப் பைக்குள் போவதை யாரோ ஒருவருடைய கையைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தேன். பஸ் ஏறிய பிறகுதான், பெண் யார், மாப்பிள்ளை யார் என்று யோசனை வந்தது.

"அங்கன என்னதான் சொல்லிக் குடுத்தாவ?" என்று வீட்டுக்காரி கேட்டாள். முதல் எதிரி என்பதால் பதில் சொல்லவில்லை. 

அதன்பிறகு முகாமிலிருந்து தினமும் போன். நேசிக்கிற ஒருவரை அழைத்துவந்தால் எனக்குக் கட்டணம் பாதி. அவர் கையில் கொஞ்சம் பணத்தோடு வரட்டும் என்றார்கள். மரத்துப் போனவன் எதற்கும் சரி என்பான். கடையநல்லூரில் இருக்கிற என் பள்ளிக்கூடத்து சிநேகிதனைக் கூப்பிட்டேன். வளைகுடா வேலையை முடித்துக்கொண்டு வந்துவிட்டவன். பேக்கரி வைக்கக் கொண்டுவந்த பணம்தான் அவனிடம் இருந்த மொத்தமும்.

"நீ கூப்பிட்டா நான் கேள்வியா கேப்பேன் மாப்ளே?" என்றான். கேட்டிருக்கலாம்.

அதே மண்டபம், அதே ஆணி. பச்சைத் துண்டுக்காரர் மேடையேறி, இன்றைக்குத்தான் முதல் தடவை என்று அழுதார். போன மாதம் எந்த வார்த்தையில் தேம்பினாரோ அதே வார்த்தையில் தேம்பினார். பக்கத்தில் நின்ற தொண்டர் பெண்ணிடம், "போன மாசமும் இவுகதான அழுதாக?" என்றேன். அவள் சிரித்தாள். "அது உங்க பயம் பேசுது சார்."

பயம் பேசவில்லை. அதற்கும் வாய் மரத்துவிட்டது. பந்தியில் சிநேகிதன் பக்கத்தில் உட்கார்ந்து இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் ருசித்துச் சாப்பிட்டான்.

"இம்புட்டு செய்தாவளே மாப்ளே, நாமளும் சும்மா போகக்கூடாதுலா? பேக்கரித் துட்டுல கொஞ்சம் கொண்டாந்திருக்கேன்."

வேண்டாம்லே என்று சொல்ல நாக்கு எழவில்லை. கைதான் போனது. அவன் சாம்பார்ச் சோற்றின் மேலேயே இலையை மடித்துவிட்டேன்.

பந்தி மொத்தமும் திரும்பிப் பார்த்தது. சாப்பிடுகிறவனைப் பாதியில் எழுப்புவதைவிடப் பெரிய அவமானம் எங்கள் ஊரில் கிடையாது.

"ஏலே, கிறுக்கா ஒனக்கு? ரசம் இன்னும் வரலலே!"

"எந்திலே."

கை கழுவ விடாமல் இழுத்துக்கொண்டு மேசையைத் தாண்டினேன். சாம்பார்க் கையோடு யாரும் சட்டைப் பையைத் துழாவ முடியாது. மைக் பிடித்தவர், "பயந்து ஓடுறவங்களப் பாருங்க" என்று அறிவித்தார். அந்த மண்டபத்தில் நான் கேட்ட ஒரே உண்மை. கூடையில் இடது கையால் எங்கள் போன்களைத் தேடி எடுத்துக்கொண்டு ஓடினோம்.

தெருக்குழாயில் கை கழுவும்போது பச்சைத் துண்டைப் பற்றிச் சொன்னேன். குழாயை இறுக்கி மூடினான்.

"எங்க வாப்பா அடிக்க வந்தாக்கூட, சோறு தின்னு முடிக்கட்டும்னு கம்போட காத்துகிட்டு நிப்பாவ. நீ பாதில எழுப்பிட்டியேலே."

பஸ் ஸ்டாண்டு பக்கம் புரோட்டாக் கடைக்குக் கூட்டிப்போனேன். முகத்தைத் திருப்பிக்கொண்டே தின்றான். சால்னா இரண்டு தடவை கேட்டு வாங்கினான். கை கழுவிவிட்டு வந்து கல்லாவைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

"இங்கன மைக் எங்கலே?"

நான் சிரித்தேனா என்று தெரியவில்லை. உதட்டைத் தடவிப் பார்த்தேன்.