வால்வு ஆம்ப்ளிஃபயரும் வாங்காத மகராசர்களும்

கோயமுத்தூரில் ஆடியோ கடையில் நின்றவர்களுக்கு ஒன்று நன்றாகத் தெரியும்: வந்தவர் "அருமையா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டால் அவர் வாங்கப் போவதில்லை. கவுண்டரில் நின்று நின்று கால் வீங்கிய என் சக பாவிகளே, உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்?

தொண்ணூறுகளில் காந்திபுரத்தில் அப்படி ஒரு கடையில் நான் சேல்ஸ்மேன். ஊரே டிரான்சிஸ்டர் செட்டுக்கு மாறிவிட்ட காலம். என் பேச்சைக் கேட்டு முதலாளி ஆசையாக ஒரு வால்வு ஆம்ப்ளிஃபயர் செய்ய வைத்தார். தலைமேல் நாலு கண்ணாடி வால்வுகள் தணல் மாதிரி எரியும், பக்கத்தில் போனாலே சூடு அடிக்கும். சத்தம் கொஞ்சம்தான், ஆனால் பாடுகிறவர் நம் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிற மாதிரியே இருக்கும். மாதக்கணக்கில் அது ஷோகேஸை விட்டு இறங்கவில்லை. ஒருநாள் முதலாளி கூப்பிட்டார். "தீபாவளிக்குள்ள அது போகோணும். இல்லாட்டி நீ போகோணும்" என்றார். எனக்கு அப்போதுதான் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

எத்தனை எச்.பி.?

முதலில் மாட்டியவர் பீளமேட்டில் பவுண்டரி வைத்திருந்தவர். நம் ஊரில் பாதிப் பேர் மோட்டார் செய்கிறவர்கள், மீதிப் பேர் மோட்டார் வாங்குகிறவர்கள். அவர் பாட்டையே கேட்கவில்லை. இரண்டு கையாலும் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிப் பார்த்து, "வெயிட்டு இருக்குது" என்று திருப்தியாகத் தலையாட்டினார். வைண்டிங் காப்பரா அலுமினியமா என்று கேட்டார். காப்பர் என்றதும் முகம் மலர்ந்தது. எத்தனை வாட் என்றார். எட்டு என்றதும் வாடிவிட்டது.

நான் விடுவேனா? ஆம்ப்ளிஃபயர் சின்னதாக இருந்தால் குறைந்த பவருக்கே நன்றாகப் பாடுகிற ஸ்பீக்கராகப் பார்த்துப் போட வேண்டும், அப்படிப் போட்டால் எட்டு வாட்டிலேயே வீடு நிறைந்துவிடும் என்று தொண்டை வறளப் பேசினேன். மனுஷன் அத்தனையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, மனசுக்குள் ஏதோ கணக்குப் போட்டார். பிறகு சொன்னார்: "நூத்துல ஒரு எச்.பி.தானுங்களே தம்பி. இதுல ஒரு வெங்காயப் பாத்திக்குக்கூடத் தண்ணி பாயாதுங்களே."

சோமனூர்க் கச்சேரி

அடுத்தவர் சோமனூரில் தறி ஓட்டுகிறவர். வீட்டிலேயே வந்து மாட்டிக் காட்டச் சொன்னார். பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுபோனேன். போய்ப் பார்த்தால், சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஷெட். லடக் லடக்கென்று அத்தனை தறியும் ஓடுகிறது. என் எட்டு வாட் அதில் என்ன செய்யும், பாவம்? பாட்டு ஓடுகிறதா என்று கேசட் சுற்றுவதைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

"ஒரு பாட்டு மட்டும் கேளுங்க, தறியை நிறுத்தச் சொல்லுங்க" என்று கெஞ்சினேன். நல்ல மனுஷன், நிறுத்தச் சொன்னார். அமைதியில் பாட்டு எழுந்து வந்தது பாருங்கள், எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. அவரும் கண்ணை மூடி முழுப் பாட்டையும் கேட்டார். பிறகு எழுந்து, "அருமையா இருக்குதுங்க" என்றார். நான் ஒயரைக் கழற்ற ஆரம்பித்தேன். "ஆனா தறியை நிறுத்திப்போட்டுப் பாட்டுக் கேட்டா, அப்புறம் நாங்க சோத்துக்குத்தானுங்க தாளம் போடோணும்."

ஆறுதல்

மறுபடியும் மடியில் சுமந்துகொண்டு கடைக்கு வந்தேன். அதைச் செய்த மெக்கானிக் ஆறுச்சாமி அண்ணன் வாசலிலேயே நின்றார். பெட்டியையும் பார்த்தார், என் மூஞ்சியையும் பார்த்தார். ஆறுதலாகத் தோளில் கைபோட்டுச் சொன்னார்: "ஏப்பா, கல்யாணப் பத்திரிகை அடிக்கக் குடுத்துட்டியா? குடுக்கலீன்னா சித்தெ பொறு."

வால்பாறைக்காரர் வீட்டம்மா

தீபாவளி நெருங்கியபோது ஒருத்தர் வந்தார். வால்பாறையில் எஸ்டேட் ஆபீஸ் கிளார்க். ஒரே பாட்டு, ஆள் அப்படியே உட்கார்ந்துவிட்டார். விசாரித்ததில், அவர் வீட்டு ஸ்பீக்கர் இதற்கென்றே செய்ததுபோல் பொருந்தியது. பட்ஜெட்டும் இழுத்துப் பிடித்தால் பொருந்தியது. "பீரோ வாங்க வெச்ச பணமுங்க, ஊட்டுல ஒத்துக்க மாட்டா" என்று எழுந்தார். எனக்கு எங்கிருந்து அந்தத் தைரியம் வந்ததோ தெரியாது. "பத்து நாள் போட்டுக் கேளுங்க, புடிக்கலீன்னா திருப்பிக் குடுங்க" என்று முதலாளிக்குத் தெரியாமல் தூக்கிக் கொடுத்துவிட்டேன். அந்தப் பத்து நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அது எங்கே என்று முதலாளி கேட்கும்போதெல்லாம் டெமோவுக்குப் போயிருக்கிறது என்று சமாளித்தேன்.

கெடு முடிகிற அன்று, அவர் வரவில்லை. அவர் சம்சாரம் தனியாக ஒரு பெரிய பையோடு வந்தார். தொலைந்தோம் என்று நினைத்தேன். "ஏனுங்ணா, எடத்தை அடைக்குது, கரண்டை இழுக்குது, இவரு ஆபீஸ் உட்டு வந்தா அதும் முன்னாலயேதான் கெடக்கறாரு" என்று ஆரம்பித்தார். "பெட்டியைத் திருப்பிக் கொண்டாந்துட்டீங்களா?" என்றேன். அவர் பையிலிருந்து எடுத்து வைத்தது பீரோப் பணம். "எங்க மலைக் குளுருக்கு இட்லி மாவு பொங்கவே பொங்காதுங்க. இவரு பாட்டுப் போடறப்ப பக்கத்துல சட்டியை வெச்சனுங்க, காலைல மாவு தளும்பிப்போச்சு."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பில் எழுதிக் கொடுத்தேன். படி இறங்கப் போனவர் திரும்பி வந்தார்: "பக்கத்து ஊடுகள்ல இன்னும் ரெண்டு பேரு கேக்கறாங்க. அவங்களுக்குப் பாட்டெல்லாம் வேண்டாமுங்க, பெட்டி மட்டும் போதும்."

ஸ்பீக்கருக்கும் பட்ஜெட்டுக்கும் பொருத்தம் பார்த்துச் சொல்லத் தெரிந்தவன் என்று நெஞ்சை நிமிர்த்தித் திரிந்த என் கல்யாணம், கடைசியில் யாரோ ஒரு அம்மணியின் மாவுச் சட்டி புண்ணியத்தில்தான் நடந்தது.