திண்டிவனம் எலக்ட்ரீஷியன் சொன்ன பொய்

அன்று திண்டிவனம் பட்டறையில் இருந்தது மூன்றே பேர்: கார் முதலாளி, டிரைவரான நான், எலக்ட்ரீஷியன். அவர் தன் மூக்குக்கண்ணாடியின் உடைந்த காலைச் சிவப்பு ஒயரால் கட்டியிருந்தார். ஸ்டீரிங்கைத் தொடும் முன் பேட்டரி ஒயரைக் கழற்றி, அதன் போல்ட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். யாராவது தெரியாமல் மாட்டிவிட்டால் ஏர்பேக் வெடிக்குமாம்.

ஸ்டீரிங்குக்குள் கரண்டு கொண்டுபோகும் சுருள் நாடா அறுந்ததால் ஹாரன் அடிக்கவில்லை. முதலாளி காசில் வாங்கிய புதியதைச் சீட்டில் வைத்துவிட்டு இருவரும் டீக்குப் போனார்கள். இதுவும் பழுதாக இருந்தால் என்ன செய்வது என்ற பயத்தில், அது சுற்றாமல் இருக்க மேலே ஒட்டியிருந்த மஞ்சள் ஸ்டிக்கரைப் பிரித்து நன்றாகச் சுற்றிப் பார்த்தேன். உள்ளே 'டக்' என்று நாடா அறுந்தது.

திரும்பி வந்த எலக்ட்ரீஷியன் அதைக் கையில் எடுத்துப் பார்த்தபடியே நின்றார்.

"இன்னாய்யா, எவனாவது கை வெச்சிட்டானா?" என்று முதலாளி என்னை முறைத்தார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"பீஸே கம்ப்ளெய்ண்டு சார். நானே வேற போட்டுத் தர்றேன், காசு வேணாம்," என்றார் எலக்ட்ரீஷியன்.

முதலாளி போன் பேச வெளியே போனதும், "நான்தாண்ணா சுத்தினேன்," என்றேன்.

"அதான் ஸ்டிக்கரே சொல்லுதே. இப்படிப் பயந்துக்கினே வண்டி ஓட்டாதபா. பீஸ் காசை முடிஞ்சப்ப குடு."

முன்பின் தெரியாத எனக்காக ஏன் பொய் சொன்னார் என்பது இன்றும் புரியவில்லை. விழுப்புரத்திலிருந்து அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் கொஞ்சம் கொடுக்கிறேன். எண்ணாமலே வாங்கிக்கொள்கிறார். இன்னும் தொள்ளாயிரம் ரூபாய் பாக்கி.