பூஜ்யத்தின் மேல் ஒரு கோடு

நான்கு வருடங்களுக்கு முன், கொல்லிமலையில் குதிரைக் கணக்கெடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. ஈக்கடியால் குதிரைகளுக்குப் பரவும் ஒரு ரத்த நோய் அக்கம்பக்கத்தில் தலைகாட்டியிருந்த நேரம். எந்த ஊரில் எத்தனை குதிரை என்று தெரிந்தால்தான் ரத்தம் எடுக்கவும் ஊசி போடவும் ஆள் அனுப்ப முடியும். இதற்குப் பெரிய அறிவு வேண்டாம், இரண்டு நல்ல கால் போதும். என்னிடம் இருந்தது அறிவு மட்டுமே.

குண்டனி நாடு என்ற மலைப் பஞ்சாயத்தில் சாலை முடிகிற இடத்தில் ஒரு டீக்கடை. அதற்கு மேலும் ஓர் ஊர் இருந்தது, ஒரு மணி நேர ஏற்றம். பக்கத்தில் டீ குடித்துக்கொண்டிருந்த லாரி டிரைவரிடம் மேலே குதிரை உண்டா என்று கேட்டேன்.

"இந்தக் காலத்துல எவனுங்க குதிர வெச்சிருக்கறான்? எல்லாரும் பைக்கு வாங்கிட்டாங்க."

அந்த ஊரை அவரும் பார்த்ததில்லை. ஆனாலும் என் மூட்டுவலிக்கு அந்தப் பதில் தைலம் தடவியது போல இருந்தது. படிவத்தில் வட்டமாக ஒரு பூஜ்யம் போட்டேன். கடைக்காரரிடம், மேல் ஊரையும் எழுதியாயிற்று என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, இன்னொரு வடை சாப்பிட்டேன்.

ஊசி போடும் குழு என் பட்டியல்படி ஊர் ஊராகப் போனது. அந்த ஊருக்கு மட்டும் போகவில்லை.

சில மாதங்கள் கழித்து, அந்த ஊர்ப் பெண் ஒருவர் எங்கள் கால்நடைத் துறை அலுவலகத்துக்கு வந்தார். அவர்கள் வீட்டுக் குதிரை காய்ச்சல் கண்டு, கால் வீங்கி, எழ முடியாமல் கிடந்து செத்துவிட்டதாம். மிளகும் குச்சிக்கிழங்கும் சாலைக்கு இறங்கியது அதன் முதுகில்தான். இனி இவர் தலையில். திட்டப்போகிறார் என்று மனதுக்குள் மூன்று சாக்குகளைத் தயார் செய்தேன். ஒன்றும் தேவைப்படவில்லை.

"நீங்க வந்து எழுதிட்டுப் போனதா டீக்கடையில சொன்னாங்க சார். அந்தக் குதிரைய நோட்டுல அடிச்சு உட்டுருங்க. இல்லாத குதிரைக்கு ஊசி போட அத்தன தூரம் ஏறி வந்து யாரும் ஏமாறக் கூடாதுங்களே, பாவம்."

உண்மையைச் சொல்லியிருக்கலாம். பதிவேட்டைத் திறந்து, அவர் கண்ணெதிரே அந்தப் பூஜ்யத்தின் மேல் ஒரு கோடு போட்டேன்.

"அடிச்சாச்சுங்களா?"

"அடிச்சாச்சுங்க."

கும்பிட்டுவிட்டுப் போனார்.

மறுநாளே அந்த ஏற்றத்தை ஏறினேன். மேலே இன்னும் மூன்று குதிரைகள் நின்றன. மூன்றையும் எழுதினேன், ஊசியும் போட வைத்தேன். அந்த அம்மாவின் வீட்டு வாசலுக்கு மட்டும் கால் போகவில்லை. அதற்கு மூட்டுவலி காரணமில்லை. இன்றும் எந்தப் படிவத்திலாவது பூஜ்யம் எழுத நேர்ந்தால், அதற்குள் ஒரு குதிரை நிற்கிறதா என்று நேரில் போய்ப் பார்த்துவிட்டுத்தான் பேனாவைத் திறக்கிறேன்.