கோபாற்றுக்கு ஒன்பது

கரும்பலகையில் கோபாற்றின் ஒட்சியேற்ற எண் +9 என்று எழுதிவிட்டு என் மாணவி மெற்றில்டா திரும்பினாள். பின்வாங்கில் இருந்த சுகந்தி, "கோபாற்றுக்கு உவ்வளவு ஆசையோ?" என்றாள். வகுப்பு சிரித்தது. மெற்றில்டாவும் சிரித்தாள்.

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில், ரியூட்டறி என்று சொல்லும் ஓர் ஓலைக்கொட்டகைத் தனியார் வகுப்பில் நான் உயர்தர இரசாயனம் படிப்பித்த காலம். கைக்குழந்தையை மாமியிடம் விட்டுவிட்டு வருவேன். அன்று காலை அவனுக்கு உடம்பு கொஞ்சம் சுட்டது. வந்தது சரியா பிழையா என்ற யோசனையிலேயே நின்றதால், என் கண்தான் பிழைத்ததோ என்று பலகையை மறுபடி பார்த்தேன்.

பலகையில் இருந்தது [Co(NH₃)₆]Cl₃ என்ற சிக்கற் சேர்வை. கணக்கு இலகுவானது. சேர்வையின் மொத்த ஏற்றம் பூச்சியம். வெளியே நிற்கும் மூன்று குளோரைட்டுக்கும் −3. கோபாற்றைச் சுற்றிப் பிடித்திருக்கும் ஆறு அமோனியாவுக்கும் ஏற்றம் இல்லை. ஆகவே கோபாற்று +3. அமோனியா ஒவ்வொன்றுக்கும் −1 போட்டால்தான் ஒன்பது வரும். புதிதாகப் படிக்கிறவர்கள் விடும் பிழை அது. கடற்கரைக் குருநகரில் இருந்து சைக்கிளில் வரும் மெற்றில்டாவோ மற்றப் பிள்ளைகளுக்கே இதைச் சொல்லிக்கொடுப்பவள். பரீட்சையும் கிட்டியிருந்தது.

பாடம் முடிந்ததும் வெளியே கூப்பிட்டு, என்ன நடந்தது என்று கேட்டேன்.

"ஒண்டுமில்லை ரீச்சர். கவனமில்லாமல் போட்டிட்டன்."

சைக்கிள் சீற்றைக் கையால் துடைத்துக்கொண்டே நின்றாள். பிறகு சொன்னாள்: "அப்பா முந்தநாள் தொழிலுக்குப் போனவர். இன்னும் வரேல்லை."

தொழில் என்றால் கடல். போர்க்காலம்; கடலில் இறங்கத் தடை. இறங்காவிட்டால் அடுப்பு எரியாது.

"அப்ப ஏன் பிள்ளை இண்டைக்கு வந்தனீர்?"

"அம்மாதான் கலைச்சுவிட்டவ. நீ கரையிலை நிண்டு என்ன செய்யப் போறாய், அப்பா வந்து படிப்பைக் கேட்டால் நான் என்ன சொல்லுறது எண்டு கேட்டவ."

அவளை வீட்டுக்கு அனுப்புவதா, அடுத்த பாடத்துக்கு இருக்கச் சொல்வதா என்று எனக்குத் தெரியவில்லை. எது சரி என்று இன்றும் தெரியாது. சுகந்தியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவள் தன் சைக்கிளை எடுத்து வந்தாள்.

மெற்றில்டா அதன் பிறகும் வகுப்புக்கு வந்தாள்; பிழை விடவில்லை. பரீட்சை முடிந்த அன்று மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு மண்டப வாசலில் காத்திருந்தேன்.

"சிக்கற் சேர்வைக் கேள்வி வந்தது ரீச்சர். எல்லாம் சரி," என்று அவனுடைய காலைப் பிடித்து ஆட்டினாள். "அம்மா இப்பவும் அப்பாவுக்கும் சேர்த்துத்தான் சோறு போடுறா."

புதிதாகப் படிப்பிக்க வருகிறவர்களுக்கு என்னால் சொல்லக்கூடியது இவ்வளவுதான். கெட்டிக்காரப் பிள்ளை திடீரென்று பிழை விட்டால், விடையைத் திருத்துமுன் அந்தப் பிள்ளையிடம் பேசுங்கள். பேசியதால் நான் எதையும் மாற்றிவிடவில்லை. மெற்றில்டாவின் அப்பா வரவேயில்லை. அன்று குருநகர் வரை மெற்றில்டாவோடு சுகந்தியும் போனாள், அவ்வளவுதான்.