லொறிக் கதவில் யானைத் தலை

எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கூட அதிபர் சித்திரப் பாடத்தை நிறுத்தக் காரணம் தேடிக்கொண்டிருந்தார். கண்டியில் நடக்கும் மாணவர் கண்காட்சியில் இந்த வருடமும் பரிசு இல்லையென்றால் சித்திரம் கிடையாது, எல்லாரும் விவசாயம் படியுங்கள் என்று சொல்லிவிட்டார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். "மண்வெட்டி பிடிக்க எங்க வீட்டுல ஏற்கனவே ஆள் இருக்காங்க சார்" என்று சொல்லி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

நானும் பக்கத்து லயத்து வரிசை வீட்டுத் தோழியும் காந்த மிருகங்கள் செய்தோம். மடுல்கெல்லவில் தோட்டத் துரையின் பங்களாவில் கழித்துப் போட்ட பிரிட்ஜின் கதவோர ரப்பருக்குள் காந்தப் பட்டி இருந்தது. அதை வெட்டி, பிஸ்கட் பெட்டி அட்டையில் வரைந்த தலை, வயிறு, கால் எல்லாவற்றின் பின்னாலும் ஒட்டினோம். யானைத் தலைக்கு நண்டு வயிறு வைக்கலாம், அதற்கே கோழிக்காலும் வைக்கலாம். லயத்துத் தகரச் சுவரில் மாற்றி மாற்றி வைத்து, சிரித்தே வயிறு வலித்தது.

கண்காட்சிக்குத் துருப்பிடித்த தகரமா கொண்டுபோவது? அப்பா தொழிற்சாலையில் கேட்டுப் பளபளப்பான புதுத் தகடு ஒன்று வாங்கி வந்தார். நாங்கள் ஒட்டிப் பார்ப்பதற்குள் அம்மா அதற்குச் சந்தனப் பொட்டு வைத்து, சிவப்புத் துணியில் சுற்றி, மாரியம்மன் கோயிலில் வைத்துவிட்டார். "சாமிகிட்ட வச்சத போற எடத்துலதான் பிரிக்கணும்" என்றார். நாங்களும் பிரிக்கவில்லை.

கண்டி மண்டபத்தில்தான் பிரித்தோம். யானைத் தலையை வைத்தேன். விழுந்தது. நண்டும் விழுந்தது. தகடு அலுமினியம், அதில் காந்தம் ஒட்டாது. "தகடுதான் சரியில்ல" என்று நான் முணுமுணுக்க, பக்கத்து மேசை டவுன் பிள்ளை, "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்" என்றாள். தோழி அழத் தொடங்கினாள். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் பொத்துக்கொண்டு வந்தது.

எங்களை ஏற்றி வந்த தோட்டத்து லொறி வாசலில் நின்றது. ஓட்டி வந்த அண்ணன் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"அண்ணே, கதவுல ஒட்டிக்கட்டுமா?"

"ஒட்டு புள்ள. பெயின்ட மட்டும் சொரண்டிறாத."

இரும்புக் கதவு கப்பென்று பிடித்துக்கொண்டது. முதலில் வேடிக்கை பார்க்க வந்த பிள்ளைகள் கைவைத்தார்கள், பிறகு அவர்களுடைய அப்பா அம்மாமார். சிறுத்தைக்கு வாத்துக்கால் வைத்த ஒரு தகப்பனை அவர் மனைவி இழுத்துக்கொண்டு போக வேண்டியிருந்தது. கூட்டம் எங்கே போனதென்று தேடி நடுவர் டீச்சரே வெளியில் வந்தார். யானையின் வயிற்றை எடுத்துவிட்டு மயிலை வைத்தார், பிறகு நண்டையே திரும்ப வைத்துச் சிரித்தார்.

"மண்டபத்துக்கு வெளியில வச்சதுக்குப் பரிசு குடுக்க ஏலாதே பிள்ளை."

"அப்ப லொறிய உள்ளுக்குக் கொண்டு வரச் சொல்லவா டீச்சர்?"

"வாசலும் மண்டபந்தான்" என்று டீச்சர் சிரித்தபடி எழுதிக்கொண்டார். முதல் பரிசுக் கேடயம் எங்களுக்குத்தான். அந்த டவுன் பிள்ளையும் கை தட்டினாள். எனக்கு உள்ளங்கால் தரையில் பாவவில்லை.

மிருகங்களைக் கழற்றாமலே திரும்பினோம். அண்ணன் மெதுவாகத்தான் ஓட்டினார், ஆனாலும் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் யானையின் கோழிக்கால் காற்றோடு போய்விட்டது. பள்ளிக்கூட வாசலில் அதிபர் நின்றார். கேடயத்தைப் பார்த்தார், கதவைப் பார்த்தார். சிறுத்தையின் வாத்துக்காலைக் கழற்றி, காலில்லாத யானைக்கு வைத்தார்.

"நாளைக்கு மண்வெட்டி கொண்டு வரணுமா சார்?" என்று கேட்டேன். தோழி என் கையைக் கிள்ளினாள்.

"வேணாம்" என்றார் அதிபர். "சிறுத்தைக்குக் கால் இல்ல பாரு. சித்திர பாடத்துல செஞ்சு குடு."