மேடையேறிய மரத்துவக்கு

அவர் காய்ச்சலில் போய் நான் கைம்பெண்ணான பிறகு, சுவரில் தொங்கிய வேட்டைத் துவக்கையும் அரசாங்கக் கச்சேரியில் ஒப்படைக்க வேண்டியதாயிற்று. லைசென்ஸ் அவர் பெயரில்தான் இருந்தது. மாங்குளத்துக்கு அப்பால், காடு வெட்டிக் கொடுத்த குடியேற்றக் காணியில், பிள்ளைகுட்டி இல்லாமல் நான் தனியாக மிஞ்சினேன். யாழ்ப்பாணத்துக்கே திரும்பி வரச் சொல்லித் தம்பி நச்சரித்தான். போனால் காணி கைவிட்டுப் போய்விடும். அவன் வீட்டுக் குசினி மூலையில் கிடந்து, மச்சாளின் முகத்தைப் பார்த்துச் சாப்பிட எனக்கு மனமில்லை.

ஆனால் கள்ளர் பயம் இருந்தது. வேலிப் படலையில் நின்று பார்த்தால் அந்த வெறுஞ்சுவர் தெரியும். தச்சுவேலை செய்யும் ஓடாவியாரிடம் மெல்லக் கதைத்து, முதிரைக் கட்டையில் பிடியும் பழைய தண்ணீர்க் குழாயில் குழலுமாக ஒரு துவக்குச் செய்வித்தேன். சாக்கில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்து, கரியும் எண்ணெயும் பூசித் தொங்கவிட்டேன். அவர் குளத்தடிக்குப் போயிருக்கிறார், இப்போது வந்துவிடுவார் என்பதுபோல இருந்தது. இருந்து அழுதேன். பிறகு எழும்பி உலை வைத்தேன்.

லைசென்ஸை என் பெயருக்கு மாற்றித் தந்துவிட்டார்கள் என்று ஊரில் ஒரு கதையையும் விட்டேன். அதன்பின் ஆண்கள் படலைக்கு வெளியே நின்றே விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போனார்கள். பெண்களும் உள்ளே வரவில்லை. எல்லாம் துவக்குக்குக் கிடைக்கும் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

இரண்டு வருடம் கழித்துப் பள்ளிக்கூட மாஸ்டர் ஒருவர் சைக்கிளில் வந்தார். வன்னி அரசன் வெள்ளைக்காரரோடு சண்டை பிடித்த கதையை நாடகமாகப் போடுகிறாராம். வாள், கிரீடம் எல்லாம் தயார். வெள்ளைக்காரத் துரைக்குத்தான் துவக்கு இல்லை. பலகையில் வெட்டிக் கொடுத்தால் துடுப்பு மாதிரி இருக்கிறதென்று ஒத்திகையிலேயே சிரிக்கிறார்களாம். வயல் செய்யும் கமக்காரர்கள் லைசென்ஸ் துவக்கைக் கையால் தொடவும் விடவில்லையாம். இவ்வளவையும் சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, அது வெடிக்காத துவக்காம். ஓடாவியார் சொன்னவர்."

ஓடாவியாரின் நாக்கை அறுத்தால் என்ன என்று இருந்தது. உண்மைத் துவக்கு என்று சாதித்தால், லைசென்ஸைக் காட்டு என்று பொலிஸ் வந்து நிற்கும். துவக்கைக் கழற்றிக் கொடுத்தேன்.

"ஆர் தந்ததெண்டு ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ மாஸ்டர். நான் தனிச்சு இருக்கிறனான்" என்றேன். சத்தியமாகச் சொல்லமாட்டேன் என்று கையில் அடித்துச் சொன்னார்.

நாடகத்தன்று பள்ளிக்கூட முற்றத்தில் பெண்கள் பக்கம் ஓரமாக ஒரு பாயில் இருந்தேன். துரை துவக்கை நீட்டியதும், திரைக்குப் பின்னால் யாரோ சீனவெடி கொளுத்தினார்கள். அந்தக் காலத்துத் துரை என்ன துவக்கு வைத்திருந்தான் என்று மாஸ்டருக்கும் தெரியாது, சனத்துக்கும் தெரியாது. குழந்தைகள் வீரிட்டு அழுதன. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

எல்லாம் முடிந்து மாஸ்டர் நன்றியுரைக்கு வந்தார். சனம் கைதட்டிய சந்தோஷத்தில் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. பாய் தந்தவர், விளக்குத் தந்தவர் என்று சொல்லிக்கொண்டே வந்தவர், அசல் போலவே மரத்துவக்குச் செய்து வைத்திருந்து தந்துதவிய அக்காவுக்கும் நன்றி என்று என் பக்கம் கையைக் காட்டினார். முற்றம் முழுவதும் திரும்பிப் பார்த்தது. நல்ல மனிதர்தான். அவரைத் திட்டவும் எனக்கு வாய் வரவில்லை.

அடுத்த நாளே துவக்கைக் கொண்டுவந்து தந்தார். அதைத் திரும்பத் தொங்கவிட வெட்கமாக இருந்தது. அலுமாரிக்குப் பின்னால் சாத்தினேன். அன்றிலிருந்து கத்தியைப் பாய்க்குக் கீழே வைத்துக்கொண்டு படுத்தேன். ஆள் தொட்டால் சத்தம் கேட்க வேலியில் வெறும் தகரப்பேணிகளைக் கட்டினேன். நாய் குரைத்தால் எழும்பி இருந்தேன்.

அறுவடை வந்து போனது. கள்ளன் வரவில்லை. நெல்லுப் புடைக்கச் சுளகு இரவல் கேட்டு ஒரு பெண்ணும் வரவில்லை. சும்மா கதைக்கவும் ஒருவர் வரவில்லை. துவக்குக்குப் பயந்துதான் ஊர் என் படலையைத் திறக்கவில்லை என்று நம்பியிருந்தேன். அது மரம் என்று எல்லோருக்கும் தெரிந்த பிறகும் ஒருவரும் திறக்கவில்லை.